துணைக்கு ஒருத்தர் உள்ளே வரலாம்

— அது தூசிம்மா. பட்டறையில நிக்கிறவன் கண்ணுல தூசி விழாம பூவா விழும்?

— தூசின்னா எக்ஸ்ரேல இப்படி வெள்ளையாத் தெரியாது ஐயா. இது இரும்பு. இடது கண்ணுக்குள்ள, பாருங்க, ரவையை விடப் பொடிசா.

— எனக்கு உறுத்தவே இல்லையே. லேத்துல நிக்கிறவனுக்கு இரும்புச் சீவல் தெறிக்கிறது தினப்படிதான். பக்கத்துல இருக்கிறவன் துணி முனையைத் திரிச்சு எடுத்து விடுவான், நாங்க பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம். அதையெல்லாம் யாராவது அடின்னு சொல்லுவாங்களா? நீ கண்ணுல அடிபட்டிருக்கான்னு கேட்டே, இல்லைன்னுட்டேன்.

— லேத்து வேலைன்னு சொன்னீங்களே, அதனாலதான் எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்னேன். இப்ப உங்களை ஸ்கேன் ரூமுக்குள்ள விட முடியாது.

— ஸ்கேன் எனக்கா? என் வீட்டுக்காரிக்கு. நான் ஓரமா ஒரு ஸ்டூலைப் போட்டு அவ காலைப் பிடிச்சுக்கிட்டு உட்காரப் போறேன், அவ்வளவுதான்.

— அந்த ஸ்கேன் மெஷினே ஒரு பெரிய காந்தம் ஐயா. யாருக்கு ஸ்கேன்னு காந்தத்துக்குத் தெரியாதே.

— அப்ப நான் போய் உட்கார்ற வரைக்கும் அதை ஆஃப் பண்ணி வை. எங்க பட்டறையிலயும் தகடு தூக்குற காந்தம் இருக்கு. சுவிட்சைத் தட்டினா பொத்துன்னு விட்டுடும்.

— இது அப்படி இல்லைங்க. மெஷின் சும்மா நின்னாலும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். ஒரு தடவை ரூமைத் துடைக்க வந்தவர் இரும்பு வாளியோட உள்ள போயிட்டார். வாளி கையை விட்டுப் பறந்து போய் ஒட்டிக்கிச்சு. ஆளுங்க சேர்ந்து இழுத்தும் அசையலை.

— மண்டைக்குள்ள படம் பிடிக்க எதுக்கும்மா அம்மாம் பெரிய காந்தம்?

— உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே. அதுக்குள்ள குட்டிக் குட்டிக் காந்தம் இருக்குன்னு வச்சுக்கோங்க. அதுபாட்டுக்கு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும். பெரிய காந்தம் அதுகளை ஒரு ஒழுங்குக்குக் கொண்டு வருது. அப்புறம் ரேடியோ அலையால ஒரு தட்டு. சாய்ஞ்சது திரும்ப நிமிரும்போது சின்னதா ஒரு சிக்னல் வரும். கட்டி இருக்கிற இடத்துல நிமிர்ற விதமே வேற. அதை வச்சுத்தான் கம்ப்யூட்டர் படம் போடுது.

— அந்தத் தடதட சத்தம்?

— உள்ள கம்பிச் சுருள் இருக்கு. சிக்னல் எந்த இடத்துலேர்ந்து வருதுன்னு பிரிக்கிறதுக்காக அதுல கரண்டை மாத்தி மாத்தி விடுவோம். அது அதிர்ற சத்தம்.

— அந்தச் சத்தத்துலதான் அவ போன தடவை, முடியலைன்னா அமுக்கச் சொல்லி நீங்க கையில கொடுத்த மணியைப் பாதியிலேயே அமுக்கிட்டு எழுந்து வந்துட்டா. அதுக்கு முந்தின தடவையும் அதே கதை. மயக்க மருந்து அவ மூச்சுக்கு ஆகாதாம். படம் இல்லாம தலையில கத்தி வைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டி வேற வளர்ந்துக்கிட்டே இருக்கு. நான் பக்கத்துல இருந்தாத்தான் படுப்பேங்கிறா. கொஞ்சம் மனசு வைம்மா.

— நான் மனசு வச்சு என்ன ஐயா? கதவைத் தாண்டினதும் அந்த இரும்பு கண்ணுக்குள்ளயே திரும்பும், நகரும். போற வழியைக் கிழிச்சுக்கிட்டே போகும். அப்புறம் அந்தக் கண்ணு அவ்வளவுதான்.

— துணியால இறுக்கிக் கட்டிக்கிறேன்.

— துணி காந்தத்தைத் தடுக்காது.

— போனாப் போகுது போ. ஒரு கண்ணுதானே? எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டு. அவ திரைக்குப் பின்னால துணி மாத்திக்கிட்டு இருக்கா, வர்றதுக்குள்ள முடிச்சிடு.

— நீங்க எத்தனை கையெழுத்துப் போட்டாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன் ஐயா.

— திறக்காதேம்மா. துணி மாத்தி முடிச்சாச்சு, பேசினது பூரா காதுல விழுந்துச்சு. எந்தப் பக்கம் தலை வைக்கணும்னு சொல்லு, நான் தனியாவே போறேன்.

— நீ பேசாம இரு. பாத்ரூம் கதவைச் சாத்தினாலே உனக்குக் கை காலெல்லாம் உதறும்.

— உதறட்டும். ஏம்மா, அந்த மணியைக் கையில கொடுக்காதே. கொடுத்தா அமுக்கிடுவேன்.

— கொடுக்காம விட மாட்டேன்மா. அமுக்காம பிடிச்சுக்கிட்டு இருங்க, போதும். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன்.

— இவ மறுபடியும் பாதியில வந்துடுவாம்மா, எனக்குத் தெரியாதா? ஏண்டி, ஒரு கண்ணு போனா என்ன? இன்னொண்ணுல உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே காலத்தைத் தள்ளிட மாட்டேனா?

— அந்த இன்னொரு கண்ணுல உங்களுக்கு வெளிச்சம்கூடத் தெரியாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும், இங்கயே உட்காருங்க.