வசவுக் கெணறு

குசுகுசுன்னு பேசுறவுக எந்திரிச்சுப் போயிருங்க. காதக் குடுத்துக் கேக்குறவுகளுக்குத்தான் இந்தக் கதை.

ரயிலும் ரோடும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். மூணுபனைப்பட்டியில ஆவுடத்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் கொப்பையன் கெணறு வெட்டுறவன். அவன் உள்ள எறங்குவான், இவ மேல நின்னு கயித்தப் பிடிப்பா. இவ ஒரு அடி பாடுவா, கீழருந்து அவன் மறு அடி பாடுவான். பாட்டு வந்தா மூச்சு இருக்குன்னு அர்த்தம்.

ஒருநா கீழருந்து பாட்டு வரல. பதறிப்போயி இழுத்துட்டா. வாய் நெறைய வெத்தலயோட வந்து நின்னான் மனுசன்! ஊரே சிரிச்சிச்சு. "பொண்டாட்டி தூண்டில்ல கொப்பையன் மாட்டிக்கிட்டான்டோய்!"

அவனுக்கு மானம் போச்சு. "இனிமே நான் கயித்த ஆட்டாம இழுத்தே, ஒங் கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்டி" ன்னுட்டான்.

மறுநா ஒரு பாழுங்கெணத்துல தூர் எடுக்குற வேல. எப்பவும் உள்ள கெட்ட காத்து இருக்கான்னு வெளக்க எறக்கி, அணையுதா எரியுதான்னு பாத்துட்டுத்தான் ஆளு எறங்கும். கோவத்துல அன்னைக்கு அதையும் பாக்கல. இடுப்புல கயித்தக் கட்டுனான், எறங்கிட்டான்.

ஆவுடத்தாய் பாடுனா. பதில் இல்ல. இன்னொருக்கப் பாடுனா. பதில் இல்ல. எட்டிப் பாத்தா ஒரே இருட்டு. கூடக் கயிறு பிடிச்ச அவ தம்பி சங்கிலி சிரிக்கான்.

"மச்சானுக்கு வீம்பு, அக்கா. இழுத்தேன்னா ஒன்னைய வெட்டிப்புடுவாரு."

வீம்பா, மூச்சடைப்பா? இழுத்தா குடும்பம் போச்சு. இழுக்கலன்னா ஆளே போச்சு. என்னதான் செய்வா பாவம்? அடிவயித்துலருந்து பாடுனாளாம்:

"ஒங்காத்தா வச்ச கொழம்ப
ஊர்நாயும் மோந்து போச்சு!"

"ஏ அக்கா! செத்துப்போன அவுக ஆத்தாளையா?" சங்கிலிக்குச் சிரிப்பு நின்னு போச்சு. கொப்பையனுக்கு ஆத்தான்னா உசுரு. எவன் ஒரு சொல்லு சொன்னாலும் அருவாளத் தூக்கிருவான்.

கெணறு கம்முன்னு கெடக்கு.

"இழுடா! நெனவு இருந்தா இதுக்கு வாயத் தொறக்காம இருப்பாரா? இழுடா!"

இழுத்தாக. தல தொங்கிப் போயி வந்தான். மண்ணுல கெடத்தி மொகத்துல தண்ணி அடிச்சாக. "எஞ்சாமி, எந்திரியுமய்யா. என்னைய வஞ்சாச்சும் எந்திரியும்" னு தரையில அடிச்சு அழுதாளாம். ரொம்ப நேரங்கழிச்சு ஒதடு அசஞ்சிச்சு. குனிஞ்சு காத வச்சா,

"ஒங்கப்பன் நக்கித் தின்னான்...
ஒரு சட்டி காலியாச்சு..."

சொல்லிட்டு, அவ கையிலருந்த செம்ப வாங்கித் தண்ணி குடிச்சானாம்.

அதான் அது வசவுக் கெணறு. இன்னைக்கும் நம்ம பக்கத்துல தூர்ப்பாட்டு பூராவும் வசவாத்தான் இருக்கும். வெளியூர்க்காரன் கேட்டா சண்டைன்னு நெனப்பான். மேல நிக்கிறவ ஆத்தாள இழுத்து வைவா. கீழருந்து பதில் வரலன்னா, கோவமா வீம்பான்னு ஒருத்தரும் யோசிக்க மாட்டாக. இழுத்துருவாக.