வரைபடம் வரவில்லை

– இல்ல ஒடீலியா, எல்லா மெயிலும் நின்னுபோகலை. சிலது வருது, சிலது வரலை, அதான் குழப்பமே. கவர்னர் ஆபீஸ் சுற்றறிக்கை வருது. என் மச்சான் அனுப்புற அசட்டு ஜோக்கு கூட வருது. அணைக்காரங்க அனுப்புற வெள்ள வரைபடம் மட்டும் வரமாட்டேங்குது.

– பொறுங்க அபீலியு அண்ணே, ஒண்ணொண்ணா பாப்போம். இங்க கெலிமானே டவுன்ல உக்காந்தே உங்க ஆபீஸ் மெயில் சர்வரைப் பாத்துட்டிருக்கேன். அணைக்காரங்க முகவரிக்கு யாரும் தடை போடலை. குப்பைப் பெட்டியிலயும் ஒண்ணும் இல்ல.

– அப்ப அவங்க அனுப்பினது நிஜந்தானா?

– அனுப்பியிருக்காங்க, பதிவுல தெரியுது. அவங்க சர்வர் வந்து கதவைத் தட்டுது, பேரைச் சொல்லுது, உங்க சர்வரும் உள்ள வாங்கன்னுது. மெயிலை இறக்க ஆரம்பிச்சதும் பேச்சு மூச்சில்ல. கொஞ்சம் கழிச்சு மறுபடி தட்டுது, மறுபடி அதே கதை.

– என்ன பொழப்புடா இது. ஆறு வேற செம்மண்ணாக் கலங்கி ஓடுது. காலையில படகுக்காரி ஜெஃபெரினா வந்து நின்னா. ஆத்து நடுவுல நியாம்சேரே தீவுல சோளம் முத்திக் கிடக்கு, அறுக்கப் போலாமான்னு கேட்டா.

– என்ன சொன்னீங்க?

– எச்சரிக்கை எதுவும் வரலை, போங்கன்னுட்டேன். புள்ளகுட்டியோட ஊரே போயிருக்கு.

– சரி. இப்ப ஒரு வரி மட்டும் அனுப்புறேன், வருதா பாருங்க.

– வந்துடுச்சு. சாப்டீங்களான்னு கேட்டிருக்கே. எங்க சாப்பிட?

– இப்ப என் சாப்பாட்டைப் போட்டோ எடுத்து அனுப்புறேன்.

– ம்ஹூம். வரலை. என்ன சாப்பாடு?

– தேங்காப்பால் கோழி. அப்ப அணைக்காரங்க மேல தப்பில்லண்ணே. கனமா எது வந்தாலும் உங்க வாசல்ல சிக்கிக்குது. சமீபத்துல லைன்ல எதையாவது மாத்தினாங்களா?

– புயல்ல சிக்னல் கோபுரம் சாஞ்சுதே, அப்புறம் கூரை மேல சாட்டிலைட் தட்டு ஒண்ணு மாட்டிட்டுப் போனாங்க.

– அதான். அந்த வழி குறுகல், பெரிய மூட்டை நுழையாது. நுழையலைன்னு அனுப்பினவங்களுக்குத் திருப்பிச் சொல்லணும், அதையும் உங்க ரூட்டர் அமுக்கிடுது. விஷயம் தெரியாம அவங்க அதே மூட்டையை விடாமத் திணிச்சிட்டிருக்காங்க. சின்னச் சின்னதாக் கட்டி அனுப்பற மாதிரி மாத்திட்டேன். இப்பப் பாருங்க.

– கோழி வந்துடுச்சு.

– அணையில வரிசை கட்டி நிக்கிறதும் இனி வரும். போனை வெச்சுடாதீங்க.

– வருது. ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது. படம் மெதுவாத் திறக்குது, இரு. ஒடீலியா, நியாம்சேரே முழுக்கச் சிவப்பா இருக்கு, எல்லாம் முங்கும்.

– கடைசியா வந்ததைப் படிங்க.

– படத்தோடயே எழுதியிருக்கு: 'இன்று காலை ஒரு மதகு திறக்கப்பட்டது. மீதமுள்ளவை மாலையில் திறக்கப்படும்.' மாலைங்கறது இதோ வந்துடுச்சே.

– படகு அனுப்புங்கண்ணே. ரேடியோக்காரங்ககிட்டச் சொல்லுங்க.

– பக்கத்து மேசையில ருஃபீனோ ரேடியோவுக்குத்தான் பேசிட்டிருக்கான். இருக்கிறது ரெண்டு படகு. அதுல ஒரு ஊரை எப்படி ஏத்தறது?

– அப்ப மிச்ச மதகை நிறுத்தச் சொல்றது ஒண்ணுதான் வழி. அணை நம்பர் என்கிட்ட இருக்கு, இணைக்கட்டுமா?

– அவங்ககிட்டயா? வேற வழி இல்லியா?

– தயங்காதீங்க. கீழ ஜனம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்காம எப்படித் திறப்பாங்க? நீங்க நல்லாக் கேக்கணும்.

– இணைச்சு விடும்மா. நீயும் கூடவே இரு.

– அணைக் கட்டுப்பாட்டு அறை. யார் பேசறது?

– கீழ் மாவட்ட வெள்ளத் தடுப்பு அலுவலகம், அபீலியு பேசறேன் ஐயா. வியாழக்கிழமை நீங்க ஒரு வரியில கேட்டது எனக்கு வந்துச்சு, படத்துல சிவப்பா இருக்கிற இடமெல்லாம் காலி பண்ணியாச்சான்னு. படத்தை ரெண்டு தடவை அனுப்பிட்டோம்னு ஏற்கெனவே சொல்லிட்டீங்க, மறுபடியும் கேக்கக் கூச்சமா இருந்துச்சு, போன வருஷப் படத்துல தீவு சிவப்பில்ல, இதுவும் அதே மாதிரிதான் இருக்கும்னு நினைச்சு ஆச்சுன்னு பதில் போட்டேன். அது பொய்யுங்க, தீவு பூரா ஜனம் இருக்கு, மதகைத் திறக்காதீங்க.