கிள்ளாத மகரந்தம்

ஜாடியில் வைக்கப் பூ வாங்கும்போது முழுக்க விரிந்ததை வாங்கக் கூடாது ஐயா. மறுநாளே தலை தொங்கிவிடும். பாதி மொட்டாக எடுக்க வேண்டும். தண்டைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரில் முங்கும் இலைகளை உருவிவிட வேண்டும். லில்லி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. நடுவில் நிற்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் தூள் உதிர்ந்து துணியெல்லாம் கறையாகும்.

எங்கள் வீட்டில் அது கறையோடு போகாது. என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அவளுக்காகவே மணமில்லாத, தூளில்லாத பூவாகத் தேடுவேன். பூக்காரர் கேலி செய்வார்: "என்னம்மா, பூவுக்கே பத்தியமா?"

அவள் அப்பா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அப்படித்தான் நினைத்திருந்தேன். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டி கட்ட ஆரம்பித்தாள். அழுதேன். பட்டினி கிடந்தேன். காலில் விழாத குறைதான்.

"இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுதும்மா. என்னை விட்டுடு," என்றாள்.

அவள் பேச்சுக்குச் சொன்னாள். எனக்கு அதில்தான் வழி தெரிந்தது. மூச்சு முட்டினால் எந்தப் பிள்ளையும் அம்மாவைத்தானே தேடும்?

அன்று முழுக்க விரிந்த லில்லியாகக் கேட்டேன். தொட்டாலே தூள் பறக்கும் காய்ந்த நாணல் கதிரும் ஒரு கட்டு. பூக்காரர், "பையைக் கிள்ளிடட்டுமாம்மா?" என்றார்.

"வேணாம், அப்படியே குடுங்க."

பெட்டி கட்டிய அலுப்பில் மதியம் அசந்து தூங்கினாள். தலைமாட்டில் ஜாடியை வைத்து, மின்விசிறியை அதன் பின்னால் நகர்த்தினேன். கதிர்களைக் கொஞ்சம் உதறியும் விட்டேன்.

இழுப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். இன்ஹேலர் என் கையில் இருந்தது.

"போகலன்னு சொல்லு கண்ணு, தரேன்."

கெஞ்சித்தான் கேட்டேன் ஐயா, அதட்டவில்லை. அவள் தலையை ஆட்டினாள். போகமாட்டேன் என்கிறாளா, சொல்லமாட்டேன் என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். வாயால் சொல்லிவிடட்டும் என்று காத்திருந்தேன். உதடு நீலம் பாரித்தது. அப்போதும் காத்திருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மருந்து கடைசிவரை என்னிடம்தான் இருந்தது, நான்தான் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். என் பேச்சை எங்கே கேட்டாள், பிடிவாதக்காரி.