தூளுக்கு ஒரு குளியல்

...இல்ல மெக்கானிக் தம்பி, தெரியாமத்தான் கேக்கறேன், மரம் அறுக்கற பட்டறைக்கு எதுக்கு இந்த வம்பு? மரத்தூளை எரிச்சு நம்ம கரண்டை நாமளே எடுத்துக்கலாம்னு மருமக வந்து நின்னா. எம்பையன் தலைய ஆட்டினான். அவ சொல்லி அவன் என்னிக்கு ஆட்டாம இருந்திருக்கான்? உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், விழாது.

பாய்லர் வந்துது, ஜெனரேட்டர் வந்துது... நல்லாத்தான் ஓடிச்சு, பொய் சொல்லக்கூடாது. தூள் எரியும், ஆவி கெளம்பும், அந்த ஆவில கரண்டு வரும், ரம்பம் ஓடும். மிச்சச் சூட்டுல பலகை காயும். என் பாத்ரூமுக்குக்கூட வெந்நி! காலைல சாமி கும்பிட மண்டி போட்டா முழங்கால் வலிக்கவே இல்ல. சரி, அத விடுங்க.

இப்ப கொஞ்ச நாளா என்ன கேடோ, ரம்பம் பாதி மரத்துல நின்னு முழிக்குது. ஒரே புகை! பலகையெல்லாம் காயாம அடுக்கடுக்கா கெடக்கு. நேத்து பையன் கத்திட்டான், "மெக்கானிக் வந்து பாத்தும் சரியாகலேன்னா கழட்டித் திருப்பி அனுப்பிடுவேன்"னு. மருமகளுக்குக் காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. எனக்கு வாய் நீளந்தான் தம்பி... ஆனா அவ முகத்தப் பாக்க முடியல.

அந்தத் தூள் குவியல்ல என்ன கைய விட்டுத் துழாவறீங்க? வெறும் தூளு. முன்னெல்லாம் லேசா காத்தடிச்சாப் போதும், கொடில காயற துணி பூரா அப்பிக்கும். வெள்ள பெட்ஷீட்டெல்லாம் மஞ்சளாயிடும். சொன்னா யார் காதுல ஏறுது? அதான் இப்ப நானே தெனம் தண்ணி ட்யூபைப் புடிச்சு, அந்தக் குவியலுக்கு உச்சி குளிர ஒரு குளியல்...

ஏன் சிரிக்கறீங்க?

எதுக்குப் பிழியறீங்க... ஐயய்யோ, சொட்டுதே!

ஈரத்தூள் எரியாதா? அப்ப அந்தப் புகை... கடவுளே! "மிஷினை நீதான் காப்பாத்தணும்"னு தெனம் உன்னை வேண்டிட்டு, எழுந்து நேராப் போய்க் குழாயத்தானே தொறந்தேன்! நீயும் என்னதான் பண்ணுவ?

தம்பி, எங்க கெளம்பிட்டீங்க? பையன்கிட்டயா? நில்லுங்க, நில்லுங்க, அத நானே சொல்லிக்கறேன்... ஏம்மா! ஏ மருமகளே! வெளிய வா. மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டுட்டு, இந்த ட்யூப எடுத்து என் கைக்கு எட்டாத எடமாப் பாத்து ஒளிச்சு வை!