துரை விட்டுப்போன குதிரை

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடம், மலாக்கா நகரசபையில் கடை லைசென்ஸுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குதிரைக்காரர், கிராணியிடம், அதாவது ஆபீஸ் குமாஸ்தாவிடம், பேசிக்கொண்டிருந்தார்.

"செத்த குதிரைய எடுக்கக்கூட துரை கையெழுத்து வேணுமா?"

"சொந்தக்காரர் கையெழுத்து இல்லாம லாரி வராது."

"துரைதான் குதிரைய என்கிட்ட விட்டுட்டுக் கப்பலேறிட்டாரே! காஜா பேராங்ல என் வீட்டு வாசல்ல ரெண்டு நாளா கெடக்கு. அங்கயே புதைச்சிடவா?"

"புதைச்சா கேஸு போடுவோம்."

"அப்ப துரைக்குக் கடுதாசி போடுறேன். பதில் வர்ற வரைக்கும் நாறாம இருன்னு நீங்களே வந்து குதிரைகிட்ட சொல்லிடுங்க."

வரிசையே சிரித்தது. கிராணி தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சொந்தக்காரர்னு கையெழுத்துப் போடுங்கண்ணே. மத்தியானம் லாரி வரும்."

"பன்னெண்டு வருஷம் குளிப்பாட்டினேன். ஒரே ஒரு நாள் ஏறி உக்காந்ததுக்கு வேலைய விட்டே தூக்கப் பாத்தாரு. செத்ததும் என் குதிரையா?"

"மெர்டேக்காண்ணே."

அவர் கையெழுத்துப் போட்டார். கொடுக்குமுன், சொந்தக்காரர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

லாரி அன்றைக்கே வந்ததா என்று எனக்குத் தெரியாது. காஜா பேராங்கில் அப்போது இருந்தவர்கள் யாராவது விசாரித்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.