சந்தேகப்பட்டே உயிர் காத்த சிஸ்டருக்கு

கருவுற்ற தாய்மாரின் காவலே! கண்டிப்புக்குள் கனிவை ஒளித்து வைத்த கள்ளமே! கண்ணில் பட்டதையும் கையால் அளந்து பார்த்தே ஏற்கும் எங்கள் தலைமைச் செவிலியர் அவர்களே! வணக்கம்.

இந்த மகப்பேறுப் பிரிவில் தாங்கள் எதையும் எளிதில் நம்பியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறோம். ரத்த அழுத்தக் கருவி காட்டும் எண்ணை, ஆளைச் சற்று உட்காரவைத்து, மறு கையிலும் பாராமல் ஏற்றதில்லை. “ஃபோலிக் மாத்திரை தவறாம போடறேன் சிஸ்டர்” என்ற சிரித்த முகங்களையும் நம்பியதில்லை. “என்ன கலரு, சொல்லு பாப்போம்?” என்பீர்கள். திருதிருவென விழித்தவர் கைக்கு அங்கேயே மாத்திரையும் தண்ணீரும் வரும். உடன் வந்த மாமியாரும் தப்பியதில்லை: “கீரை சமைச்சீங்க, சரி. யாரு சாப்பிட்டா?”

ஒருநாள் அந்த ஃபோலிக் மாத்திரைக் கம்பெனிப் பிரதிநிதி வந்து, “இதப் போட்டா பிரஷரே எட்டிப் பார்க்காது” என்றார். நாங்கள் தலையாட்டினோம். தாங்கள் மட்டும், “பிள்ளையோட முதுகுத்தண்டு சரியா அமைய, ரத்தம் ஊற, இது வேணும். பிரஷரத் தடுக்கும்னு யாரு நிரூபிச்சா? ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒரே பேச்சா சொல்லல. அளக்கறத விட்றாதீங்க” என்றீர்கள். கேட்டோம், மறந்தோம்.

அப்போது எங்கள் ஆய்வகப் பெண் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. அந்தத் தைரியத்தில், வந்தவர்களின் சிறுநீரையெல்லாம் சோதித்தவர், தன்னுடையதைச் சோதிக்கவில்லை. நம்ம ஆள்தானே என்று நாங்களும் அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டை கட்டவில்லை. ஒரு காலை, தாழ்வாரத்தில் அவர் நடந்த சத்தமே தங்களுக்குச் சரியாகப் படவில்லை.

“நில்லுடி. யார் செருப்பு அது?”

“வீட்டுக்காரரோடது சிஸ்டர். என்னோடது கடிக்குது.”

“செருப்பு கடிக்குதா, கால் வீங்கியிருக்கா?”

“எல்லாருக்கும் வீங்கறதுதானே!”

“எல்லாரையும் அப்புறம் பாத்துக்கறேன். நீ உக்காரு. தலைவலி இருக்கா?”

“ரெண்டு நாளா… தூக்கம் பத்தலன்னு நினைச்சேன்.”

கருவி காட்டிய எண்ணைக் கண்டு மருத்துவரே ஓடிவந்தார். சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் தாய்க்கு வலிப்பு வந்திருக்கலாம் என்றார். உடனே அறுவைசிகிச்சை, இரு கைக்குள் அடங்குவதுபோல் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைதான் இப்போது முன்வரிசையில், தங்கள் பாராட்டு மேடைக்கு வைத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.

அம்மா! தங்களிடம் கற்ற வித்தையைத் தங்கள் மேலேயே காட்டப்போகிறோம், பொறுத்தருள்க. “எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்” என்பீர்கள். தங்கள் கையில் பட்டை கட்டி இங்கே ஒருவரும் பார்த்ததில்லை. இந்த வாரம் முழுக்க நெற்றிப்பொட்டைத் தேய்க்கிறீர்கள். இன்று மேடையேறும்போது கைப்பிடியைப் பிடித்தீர்கள். கேட்டால், “வெயில்” என்றீர்கள்.

நாங்கள் நம்பவில்லை.

ஆகவே பூங்கொத்து பிறகு. ஆய்வகப் பெண் தங்கள் அருகில் கருவியோடு நிற்கிறார். நாற்காலியில் சாய்ந்து அமருங்கள். பேசக்கூடாது. மறு கையும் பார்க்கப்படும். நலமோடு நெடுங்காலம் வாழ்க என்று நெஞ்சார வாழ்த்தத்தான் போகிறோம், எண்ணைப் பார்த்துவிட்டு.

இங்ஙனம்,
தங்களால் சந்தேகப்படக் கற்ற
மகப்பேறுப் பிரிவு ஊழியர்கள்