பெரியப்பா சொன்ன தேதி

மார்ச் 11, செவ்வாய்.

நேற்றைய பதிவில் தேதியைப் பிழையாக எழுதிவிட்டேன். கூடத்து நாட்காட்டியைப் பார்த்து எழுதியதால் வந்த வினை. அதில் இரண்டு தாள்களைக் கூடுதலாகக் கிழித்து வைத்தவன் நான்தான் என்பது எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

கிழித்த காரணத்தையும் எழுதிவிடுகிறேன். மாலை வகுப்பில் முதியோர் நலக் கணக்கெடுப்பு சொல்லித்தருகிறார்கள்.

"மறதி நோய்க்காரங்க பாதிக்கு மேல நம்மள மாதிரி வளர்ற நாடுகள்லதான் இருக்காங்க. வயசாச்சுன்னு சொல்லி வீட்டுக்குள்ளயே மூடி வெச்சிடறோம். தேடினா கிடைப்பாங்க. கிடைக்கலைன்னா நீங்க தேடலைன்னு அர்த்தம்" என்றார் ஆசிரியை. ஆளுக்கு ஒருவரையாவது கண்டுபிடித்தால்தான் சான்றிதழ்.

தெரு முழுக்கத் தேடினேன். எல்லாருக்கும் எல்லாம் நினைவிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர், சிறுவயதில் நான் உடைத்த ஜன்னலைக்கூட மறக்கவில்லை. மிஞ்சியவர் பெரியப்பா. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பழைய நிறுத்தங்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பார். மாலையானால் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு வம்பளக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சிரமமான ஆள்தான்.

முதலில் அவருடைய மூக்குக்கண்ணாடியைச் சர்க்கரை டப்பாவில் வைத்தேன். பிறகு நாட்காட்டி. பிறகு சாப்பாடு.

"இப்பதானே சாப்பிட்டீங்க, பெரியப்பா."

"அப்படியா? வயிறு அப்படிச் சொல்லலையேடா."

"வயித்துக்கும் வயசாச்சுல்ல."

சிரித்துக்கொண்டே பசியோடு போய்ப் படுத்தார். நான் எதையும் கட்டாயப்படுத்தவில்லை.

இன்று ஆசிரியை வீட்டுக்கு வந்து அவரிடம் தேதி கேட்டார். பெரியப்பா தயங்காமல் சொன்னார், இரண்டு நாள் தள்ளி. அதற்குள் கூடத்தில் புது நாட்காட்டி மாட்டியிருந்தேன். ஆசிரியை அதைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"இனிமே இவரைத் தனியா வெளிய விடாதீங்கம்மா" என்றார் பெரியம்மாவிடம்.

பெரியம்மா வாசலைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். பெரியப்பா கதவருகிலேயே வெகுநேரம் நின்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்க எந்த ஸ்டாப்புல இறங்கணும், தம்பி?" என்று கேட்டார்.

இதை நான் அவருக்குப் பழக்கவில்லை. ஆகவே நோய் முன்பே இருந்திருக்கிறது; நான் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். இதை எழுதியதும் மனம் லேசானது.

தெருவுக்கு ஒருவர் போதாது என்கிறார் ஆசிரியை. புது நாட்காட்டியிலும் தாள் கிழித்தேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நாளை பெரியம்மாவின் சாவியை மாவு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன், சரியான தேதி என்னவென்று பால்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.